சாய்வை எண்ணாக்கும் கலை

பழவேற்காடு முகத்துவாரத்தில் படகு அலையேறி இறங்குகிறது. மீனவர் போனைக் குறுக்கே திருப்பினால் திரையும் திரும்பிக்கொள்கிறது. காரணம், உள்ளிருக்கும் முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை அசையும்போது மின்தேக்குத்திறன் மாறும். அதைச் சில்லு எண்ணாக்கும். இத்தகைய சில்லுகளோடு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் உட்கார்ந்து பேசும் டிரைவர் நிரல்கள் எனக்கு மிகவும் பிடித்த கைவினை.

டிரைவர் முதலில் சில்லின் அடையாளம் கேட்கும். எம்பியு-6050 வகைச் சில்லு என்றால் பதினறும எண்ணில் 68 என்று பதில் வரும். ஒரே இரட்டைக் கம்பியில் பல சில்லுகள் தொங்கும் ஐ2சி பாதையில் முறை வைத்தே பேச வேண்டும்; பழவேற்காட்டு ஏரியில் சீட்டுப் போட்டு வலைவீசும் இடத்தைப் பகிரும் 'பாடு' முறை போல.

சில்லைப் பலகையில் திருப்பி ஒட்டியிருந்தால்? ஒன்பது எண்கள் கொண்ட அணி ஒன்று அச்சுகளை நேராக்கிவிடும். யாரும் கேட்காதபோது சில்லைத் தூங்கவைத்து மின்கலத்தைக் காப்பதும் டிரைவர்தான்.

இத்தகைய டிரைவர்களுக்குப் பொதுச் சட்டகமாக 2009இல் கெர்னலுக்குள் வந்த ஐஐஓ துணை அமைப்பு, ஜோனதன் கேமரன் தொடங்கியது. எந்த நிறுவனத்தின் சில்லானாலும் முடுக்கத்துக்கு ஒரே அலகு என்பது அதன் விதி. அசையாமல் மேசையில் கிடக்கும் கருவி, புவியீர்ப்பால் ஏறத்தாழ 9.8 மீ/வி² காட்ட வேண்டும்.

பராமரிப்பின் அழகு சிக்கனத்தில் இருக்கிறது. ஒத்த சில்லு புதிதாக வந்தால் புது டிரைவர் வேண்டாம். பழைய டிரைவரின் அட்டவணையில் சில வரிகள் சேர்த்தால் போதும். செயலி எழுதுபவருக்குச் சில்லின் பெயரே தெரியவேண்டியதில்லை என்பதுதான் நல்ல டிரைவருக்கான சான்றிதழ்.