நோயாளியின் சொல்லும் மருத்துவரின் சொல்லும்: மானிப்பாய் முதல் ஹென்டர்சன் வரை

மருத்துவர் நோயாளியுடன் பேசுதற்குரிய ஆங்கிலச் சொற்களை நிரல்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்தும் சொற்பட்டியல்கள் புலம்பெயர் சூழலில் பெரிதும் நம்பப்படுகின்றன. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் வழியையே இவை காட்டுகின்றன. நோயாளி வாய்திறந்ததும் வேண்டப்படுவதோ மறுவழி. இக்குறை மருத்துவத் தமிழின் தொடக்கத்திலேயே வேரூன்றியது என்பது என் கருத்து.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைப் பின்னாளில் தமிழிலேயே நடத்தினார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டகல்வர் என அவர் கருதினார். அவரும் அவர்தம் மாணவரும் 'பிரசவ வைத்தியம்', 'இரணவைத்தியம்' ஆகியவற்றையும், கிரேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' (1872) என்னும் பெயரிலும் தமிழாக்கினர். அப்பெயர் பாதாதிகேச இலக்கிய மரபை நினைவூட்டுவது. அதன் அழகை மறுப்பாரில்லை. ஆயினும் 'சுகரணம்' முதலான ஆக்கச்சொற்கள் மாணவர் மனனத்துக்கு உரியவை. பாயிற் கிடந்து முனகுபவரின் வாய்மொழி அவற்றுள் அருகியே இடம்பெறுகின்றது.

ஒக்லாந்து மாநகரின் மேற்குப் பகுதியான ஹென்டர்சனில் வைத்தாக்கரே மருத்துவமனை உள்ளது. இத்தகைய இடத்தில் நோயாளி வடமராட்சியினராகவும் உரைபெயர்ப்பாளர் சென்னையினராகவும் அமைதல் இயல்பே. "நாலு நாளாய் வருத்தம்" என்று மூதாட்டி சொன்னால் அது நோய். தமிழகத்தார் செவிக்கோ மனத்துயர். உடற்பிணி உளப்பிணியாகப் பதிவாதற்கு இவ்வொரு சொல்லே போதும். 'சத்தி' என்பது வாந்தி என்றும், 'தடிமன்' என்பது சளிபிடித்தல் என்றும் அறியாதார்க்கு இடர் இன்னும் மிகும்.

வட்டார வேறுபாடு இல்லாதவிடத்தும் சிக்கல் தீர்வதில்லை. 'தலைசுற்று' என்ற ஒரே சொல்லுள், சுற்றுப்புறம் சுழல்வதுபோன்ற உணர்வும், கண் இருண்டு விழப்போகும் நிலையும் அடங்கும். முன்னது பெரும்பாலும் உட்செவியைச் சார்ந்தது. பின்னது குருதியழுத்தத்தையோ இதயத்தையோ சார்ந்திருக்கலாம். மருத்துவரின் ஐயம் செல்லவேண்டிய திசையே இங்கு மாறிவிடுகின்றது. அவ்வாறே 'கால்' என்பது தொடை முதல் விரல்வரை குறிக்கும். நீரிழிவாளர் "கால் எரியுது" என்பதைப் பாதம் எனப் பெயர்ப்பதா, முழுக்கால் எனப் பெயர்ப்பதா என்பது இலக்கண வினா அன்று. உணர்விழந்த பாதத்தில் புண் கவனிக்கப்படாது போகலாம்.

நியூசிலாந்தில் இது சட்டத்தின்பாற்பட்டதும் ஆகும். ஒக்லாந்தின் நாஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் பெண்கள் உண்மை அறிவிக்கப்படாமலே ஆய்வுக்குட்படுத்தப்பட்டமை குறித்து, சில்வியா கார்ட்ரைட் 1988இல் அறிக்கை அளித்தார். அதன் வழியே உருவாகி 1996இல் நடைமுறைக்கு வந்த உரிமைக்கோவையின் ஐந்தாம் உரிமை, நோயாளி விளங்கிக்கொள்ளும் மொழியிலும் முறையிலும் உரையாடல் நிகழவேண்டும் என்கின்றது. தேவையும் இயலுமையும் உள்ளவிடத்துத் தகுதியுள்ள உரைபெயர்ப்பாளரையும் வழங்குகின்றது. அறிந்து இசைதல் ஏழாம் உரிமை. 'வருத்தம்' துயரமாகப் பதிவானபின் பெறப்படும் கையொப்பம் எதற்கு அளித்த இசைவு?

ஆகவே சொற்பட்டியலின் தலைச்சொல் தமிழாக இருத்தல் வேண்டும். 'தலைசுற்று' என்பதன்கீழ் நிகர்ச்சொல்லுக்கு முன்னதாக, "வீடு சுத்துதா, கண் இருட்டுதா?" என்ற வினா நிற்கவேண்டும், 'கால்' என்பதன்கீழ், கையால் தொட்டுக் காட்டச் சொல்லும் குறிப்பு.