நடந்துவிட்ட பிறகு

தேனி சாலையில் வண்டியிலிருந்து விழுந்து, பெரியாஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பையன் ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டால், நாகமலை புதுக்கோட்டையில் (மதுரையை ஒட்டிய ஊர்) அந்தத் தெருவுக்கு அன்றைக்கு அதுதான் சேதி: "பையன் நடந்துட்டாப்ல." பாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டிவிடுவார்கள். பிசியோதெரபிஸ்ட்டை அந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். வைத்தியம் முடிந்தது என்று எல்லோரும் மூச்சுவிடுகிற அந்த நாளில்தான் மூளைக்காயத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது.

மூளையில் அடிபட்ட இளவயதுக்காரர்களை வீட்டோடு வைத்து, வீட்டாரே தேற்றியெடுப்பது நம் பக்கத்து வழக்கம். அன்பின் வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அறியாமை என்று சலித்துக்கொள்ளும் மருத்துவர்களும் உண்டு. இரு தரப்புமே இதை ஒரு சிகிச்சை முறையாக மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். அதனாலேயே இதில் எது பலிக்கிறது, எது கெடுக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கு அந்தக் கேள்வி தூரத்தில் இல்லை. வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி இங்கே. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் காமராசர் பல்கலைக்கழகம். அருகில் நான்குவழிச் சாலை. கல்லூரி நேரத்தில் பைக்குகளில் பறப்பவர்களுக்கெல்லாம் இருபதை ஒட்டிய வயது. 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டது; இன்றும் பாதி ஹெல்மெட்டுகள் பெட்ரோல் டேங்கின் மேல்தான் பயணம் செய்கின்றன. 2022இல் மாநிலத்தில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். பிழைத்தவர்களில் மூளைக்காயத்தோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

உயிரைக் காப்பாற்றும் வேலையில் தமிழ்நாட்டைக் குறைசொல்ல முடியாது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. மூளை வீங்கினால் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, அதை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துப் பாதுகாத்து, வீக்கம் வற்றிய பிறகு திரும்பப் பொருத்துவது பழகிப்போன அறுவை. "எலும்பு வயித்துக்குள்ள இருக்கு" என்று அம்மாக்கள் ரேஷன் கடை வரிசையில் நின்றபடி சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த அறுவையைப் பற்றி 2016இல் வெளிவந்த 'ரெஸ்க்யூ ஐசிபி' ஆய்வைப் படித்தால் சற்றுத் தயங்க வேண்டியிருக்கும். 408 பேரை வைத்து நடந்த ஆய்வு. ஆறு மாத முடிவில், அறுவை செய்துகொண்டவர்களில் 26.9 சதவீதத்தினரும், மருந்துச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் 48.9 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். அதே சமயம், உணர்வே திரும்பாமலோ பிறர் கையை எதிர்பார்த்தோ கிடந்தவர்களின் விகிதம் அறுவை செய்துகொண்டவர்களிடம்தான் கூடுதல். காப்பாற்றுவதில் கெட்டிக்காரர்களாக ஆக ஆக, தேற்றவேண்டியவர்களின் கூட்டம் பெருகும். 48 மணி நேரத்துக்குத் திட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் 48 மாதங்களுக்கு அம்மா இருக்கிறாள்.

அந்த அம்மாவின் முறைக்கு உண்மையான பலம் உண்டு. சேதமாகாத மூளைப்பகுதிகள் புது வழக்கத்தைக் கற்றுக்கொள்ளத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். மறுவாழ்வு மையத்தில் கிடைக்கும் பயிற்சி நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால், வீடு நாள் முழுக்கப் பயிற்சிக் களம். சட்டைப் பித்தானைப் போடுவதும் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குவதும் எந்தக் கருவியாலும் தர முடியாத பயிற்சி. 1950களின் கடைசியில் நியூயார்க்கில் பெத்ரோ பாக்கிரிட்டா என்ற பேராசிரியர் பக்கவாதத்தில் பேச்சையும் நடையையும் இழந்தபோது, மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் ஜார்ஜ் அவரை அழைத்துப்போய்த் தரையில் தவழவிட்டார். பிறகு பாத்திரம் கழுவவிட்டார். அப்பா திரும்பவும் வகுப்பெடுக்கப் போனார். மகன் அவரைத் தூக்கிவிடவில்லை, தவழவிட்டார் என்பது இந்தக் கதையில் முக்கியம்.

தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்ட கதை நடிகர் நாசர் வீட்டில் நடந்தது. 2014 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த கார் விபத்தில் அவருடைய மூத்த மகன் படுகாயமடைந்து கோமாவில் கிடந்தார். நினைவு திரும்பியதும் அவர் வாயில் முதலில் வந்த பெயர் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, 'விஜய்' என்று நாசர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். யாரோ நண்பனைத் தேடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். நடிகர் விஜய் என்று புரிந்ததும் அவர் பாட்டுகளையும் படங்களையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஊர் இதை 'விஜய் பாட்டு குணப்படுத்தியது' என்று எடுத்துக்கொண்டது. எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. மனதுக்குப் பழகிய ஒன்று விழித்துக்கொண்டிருக்கும் மூளையைப் பிடித்து இழுக்கும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு: தெரேசா பேப் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கோமாவில் இருந்தவர்களுக்கு அவர்கள் குடும்பத்தாரே குடும்பக் கதைகளைச் சொன்ன ஒலிப்பதிவுகளைத் தினமும் போட்டுக் காட்டினார்கள், கேட்டவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 15 பேர்தான். அதை வைத்து இது மூளையைத் தட்டியெழுப்ப உதவலாம் என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. நாசர் வீட்டுக் கதையில் எனக்குப் படும் வலு வேறு இடத்தில் இருக்கிறது. அவனுக்கு எது பிடிக்கும் என்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. எந்த மருத்துவமனைக் கோப்பிலும் அது இருந்திருக்காது.

இந்த வழக்கத்தின் முதல் பழுது, அது கையில் வைத்திருக்கும் அளவுகோல். நடந்தால் தேறியாயிற்று. ஆனால் விபத்தில் தலை ஆடும்போது பெரும்பாலும் நசுங்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. திட்டமிடுவது, வந்த கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. அது சேதமானவன் நன்றாக நடப்பான், பேசுவான், பழைய சினிமாப் பாட்டை முழுசாகப் பாடுவான். காலையில் சொன்னதை மதியம் மறந்திருப்பான். 'குளி' என்று சொல்லாவிட்டால் மத்தியானம் மூன்று மணிவரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பான். வீடு இதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் வைக்கும். அத்தைமார் முன்னால் கெட்டவார்த்தை வந்தால் திமிர். "சின்ன வயசு, சீக்கிரம் தேறிடும்" என்ற ஆறுதலும் பாதிதான் உண்மை. நெற்றிப்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். பத்தொன்பதில் அடிபட்டவனுக்கு, கட்டி முடிக்காத இடத்தில் சேதம் வந்திருக்கிறது. இழப்பின் முழு அளவு, வேலைக்கும் பொறுப்புக்கும் போகவேண்டிய வயது வந்தால்தான் தெரியும். அந்தச் சமயத்தில் வீட்டுக்குத் தோன்றும் வைத்தியம் கல்யாணம். இது இந்த வழக்கத்தின் கெட்ட முகம் என்று தயங்காமல் எழுதுவேன். கவனித்துக்கொள்ளும் வேலையை, விஷயம் தெரியாத ஒரு பெண் தலையில் கட்டுவதற்கு வேறு பேர் இல்லை.

இரண்டாவது பழுது பலத்துக்குள்ளேயே இருக்கிறது: பாசம் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. ஊட்டிவிடுவது, உடுத்திவிடுவது, கேட்பதற்கு முன்பே தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவது. ஜார்ஜ் தவழவிட்ட இடத்தில் நாம் தூக்கிக்கொண்டோம். சில இடங்களில் பாசம் நேரடி ஆபத்தாகவும் ஆகிறது. விழுங்கும் தசை பலவீனமானவர்களுக்குக் கெட்டியான கேழ்வரகுக் கூழைவிடத் தெளிந்த தண்ணீர்தான் எளிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். "ஒரு வாய் தண்ணிதானே" என்று கொடுப்பது அதனால்தான் கூடாது. துவண்ட கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு நழுவும். பேச்சுப் பயிற்சியாளரோ பிசியோதெரபிஸ்ட்டோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தீரும் விஷயங்கள் இவை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களுக்குக் கிடைக்கும் இடம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

சொல்லிக்கொடுப்பது நடக்காத காரியமும் இல்லை. 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தைத் தொடங்கினார்; 1966இல் பாகாயத்தில் அதற்கென்றே நிறுவனம் எழுந்தது. அங்கே வீட்டாரில் ஒருவர் நோயாளியோடு தங்கி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு போக வேண்டும். வீட்டை ஒதுக்காமல் வீட்டுக்குப் பயிற்சி தருகிற ஏற்பாடு. மதுரைப் பக்கத்திலிருந்து அது ஓர் இரவுப் பயணம்; கூலி வேலையை விட்டுவிட்டு வாரக்கணக்கில் தங்க முடிந்தவர்களுக்குத்தான் அது எட்டும்.

நடந்தால் தேறியாயிற்று என்ற அளவுகோல் பிழையைச் சட்டமும் செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. விபத்தால் வந்த மூளைக்காயம் தனி வகையாக இல்லை. கை கால் விழுந்திருந்தால் அந்தக் கணக்கில் சான்றிதழ் வாங்கலாம். கை கால் நன்றாக இருந்து, நினைவும் நிதானமும் போனவன் எந்த வாசலில் நிற்பது? 40 சதவீதச் சான்றிதழ் இல்லாவிட்டால் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்பது கஷ்டம். கல்லூரிக்குத் திரும்பிய பையனுக்கு அரியர் ஏறும். உடம்பில் கோளாறு தெரியாததால் கோளாறே இல்லை என்றாகிவிடுகிறது.

கவனிப்பின் விலையை ஒரு நீதிமன்றம் எழுதிப் பார்த்திருக்கிறது. ஹரியானாவில் 2007இல் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்து 27 ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதில் உதவியாளர்களுக்கு மட்டும் 21,60,000. இரண்டு பேர், ஆளுக்கு மாதம் 5,000, ஆயுளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. இரண்டு ஆள் வேலை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட வேலையை நாகமலை அடிவாரத்து வீடுகளில் ஒரே அம்மா செய்கிறார். நூறுநாள் வேலையை விட்டிருப்பார். அக்காவின் படிப்பும் நின்றிருக்கும். வீட்டு முறை மலிவு என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை எந்தப் பத்தியிலும் சேர்ப்பதில்லை.

ஆகவே வீட்டைக் கைவிட்டு மையத்துக்குப் போ என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு மையங்களும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே பிசியோதெரபியைக் கொண்டுவந்தது. நல்ல வேலை. ஆனால் அது தசைக்கும் மூட்டுக்குமான வருகை. மதுரையில் மனநல மறுவாழ்வுக்கு எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் வேலை செய்கிறது; பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனதோடு வேலை செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மூளைக்காயம் பட்டவனின் வீட்டுக்கு அவர்களை அனுப்ப யாரும் சீட்டு எழுதுவதில்லை. எழுதினால், மாதம் ஒருமுறை வரும் அந்த ஆளுக்கு முதல் வேலை பையனோடு இருக்காது, அம்மாவோடு இருக்கும். எதை இனி அவனுக்குச் செய்துகொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக அவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். இந்த மாதம் ஊட்டுவதை நிறுத்தலாம், அடுத்த மாதம் 'குளி' என்று சொல்வதை நிறுத்திவிட்டுச் சுவரில் ஒரு கால அட்டவணையை ஒட்டலாம். கடைக்குத் தனியாக அனுப்புவது அதற்கும் பிறகு. பைக் சாவியைக் கேட்பான். அடிபட்ட பிறகு வலிப்பு வந்தவனுக்கு அதை யார், எப்போது, எப்படி மறுப்பது என்பதற்கும் அன்றைக்கே ஒரு பதில் வேண்டும்.