வகுப்பறைக் கணக்கெடுப்பு: ஒரு மதிப்பீடு

இலங்கையின் முதலாவது நவீன குடிசன மதிப்பீடு 1871ஆம் ஆண்டில் நடந்தேறியது. வினவுதல், விடைகளை வகுத்தல், தொகுத்தல் என்னும் அக்கலையின் சிறு வடிவத்தை இளஞ்சிறாருக்கும் பயிற்றலாம் என்பது ஆரம்பக் கல்வியிற் பலரும் ஒப்பும் கருத்தாகும். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு நாடெங்கும் விரிந்த சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்னும் முறைகளை வற்புறுத்தி இதற்கு நல்லிடந் தந்தது. நோக்கம் நன்றே. ஆயின் வகுப்பறையிற் பெரும்பாலும் நிகழ்வது கணக்கெடுப்பன்று. அதன் ஈற்றில் வரும் படமே.

வினாவை ஆசிரியர் தருகிறார். விடைப் பகுப்புகளையும் அவரே கரும்பலகையில் எழுதிவிடுகிறார். பிள்ளைக்கு எஞ்சுவது கட்டங்களுக்கு நிறந் தீட்டும் வேலை. விருப்பமான பழம் யாது என்பது எங்கும் வழங்கும் வினா. அப்பிள், திராட்சை, தோடம்பழம் என மூன்றே நிரல்கள் வரையப்பட்டால், கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் பிள்ளை தன் முற்றத்து ரம்புட்டானை எங்கே எழுதும்? எழுத இடமின்மையால் அது அப்பிளுக்குக் கையுயர்த்தும். பொய்த் தரவின் முதற்பாடம் இதுவன்றோ!

கையுயர்த்தி எண்ணும் முறையும் ஐயத்திற்குரியதே. தோழன் கை எழக் கண்டு தன் கையையும் தூக்கும் பிள்ளை உண்டு; இரு முறை தூக்குவதும் உண்டு. முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் முப்பத்தெட்டு விடைகள் வந்தால் ஆசிரியர் தாமே திருத்திவிடுதல் வழக்கம். அம்மூன்று எங்ஙனம் மிகுந்தன என்று பிள்ளைகளைத் தேடவிடுவதே உண்மைப் பாடம். ஆளுக்கொரு புளியங்கொட்டையைப் பேணியில் இடச்செய்தால் இக்குழப்பம் பெரும்பாலும் நீங்கும், செலவும் இல்லை.

இவற்றினும் பாரதூரமானது பகுப்பின் சிக்கல். கண்டி நகரின் தமிழ்மொழி வகுப்பொன்றில், வீட்டில் வழங்கும் மொழி யாது என வினவி, ஒன்றை மட்டுங் கூறுமாறு பணித்தல் எளிது. தந்தையோடு தமிழும் தாயோடு சிங்களமும் பேசும் பிள்ளை என் செய்யும்? 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனத் தனிப் பிரிவு வகுக்கப்பட்டது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவருட் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். பகுப்பு சட்டத்தை ஆக்கிற்று என்பதன்று. ஆயினும் இட்ட பெயர் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளையின் முன் பெற்றோர் தொழிலைக் கைகளால் எண்ணுவிக்கும் ஆசிரியர் இதனை நினைத்தல் வேண்டும். அத்தகைய வினாவைத் தவிர்ப்பதே நேர்மை.

யாரையும் நாணச்செய்யாத பொருளுக்குக் கண்டியிற் குறைவில்லை. ஒரு மாத மழையைக் காலைதோறும் வரவுக்குறியால் பதியச் செய்யலாம். அந்தானையிற் பெய்து நகரிற் பெய்யாத நாளில் வகுப்பு இரண்டுபடும். மழை நாள் என எதனைக் கொள்வது என்ற வாதம் எழும். அவ்வாதத்தை ஆசிரியர் விரைந்து முடித்துவிடலாகாது. பிள்ளைகளே ஒரு விதியைக் கண்டு, அதனைத் தாளின் தலைப்பில் எழுதிய பின்னரே முதற்குறி இடப்படல் வேண்டும்.