புளூ ஜாஸ்மின்: ‘எனக்குத் தெரியாது’

வூடி அலன் 2013இல் எடுத்த ‘புளூ ஜாஸ்மின்’ படத்தைப் பற்றிப் பேசியவர்கள் கேட் பிளான்செட்டின் நடிப்பையே பேசினார்கள். ஒஸ்காரும் கிடைத்தது, சரிதான். எனக்கு உறுத்துவது சகோதரி ஜிஞ்சரின் இழப்பு. லொத்தரில் விழுந்த 200,000 டொலரையும் ஜாஸ்மினின் கணவன் ஹாலின் மோசடி விழுங்கிவிட்டது. எல்லாம் போன பிறகும் விமானத்தில் முதல் வகுப்பில் வந்திறங்கி, அதே சகோதரியின் சின்ன வீட்டில்தான் ஜாஸ்மின் ஒதுங்குகிறாள். புருஷனின் கொடுக்கல் வாங்கல் தனக்குத் தெரியாதாம்!

அவன் இன்னொருத்தியோடு போகப்போகிறேன் என்றதும் எஃப்.பி.ஐ.க்குக் கோல் எடுத்துக் காட்டிக்கொடுத்தவளே இவள்தான். ஊரார் காசு போனபோது வராத கோபம். இதைப் படம் கடைசிவரை ஒளித்து வைத்திருக்கிறது. அதற்குள் நாமும் அவளுக்காக இரங்கி முடித்துவிடுகிறோம். ஜிஞ்சரின் காசு திரும்பவேயில்லை.