லூயியும் பறக்கப் பார்க்கிறார்

ஒரு புகைப்படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் ஒரே வரிக்காக அந்தப் படத்தை நான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பதுண்டு. ஆண்டு 1910. பிரான்சின் ஓவர்ன் பகுதியில் ரூஸா என்ற மாளிகையின் வெளி. வீட்டிலேயே கட்டிய, எஞ்சின் இல்லாத விமானம் ஒன்று தரையை விட்டு எழும்புகிறது. கீழே ஆட்கள் கூடியிருக்கிறார்கள். படம் எடுத்தவனுக்கு வயது பதினாறு; பெயர் ழாக் ஆன்றி லார்தீக். விமானத்தின் பெயரைச் சொல்லி, அது பறக்கிறது என்று எழுதியவன் அதோடு நிறுத்தவில்லை. பிரூ, ஸிஸு, ழோர்ழ், லூயி, தேதே, ரோபேர் ஆகியோரும் பறக்கப் பார்க்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்கிறான்.

அந்த வரியைப் படித்ததும் படம் மாறிவிடுகிறது. அதுவரை விமானத்தின் மேலிருந்த கண் கீழே இறங்கி ஆட்களின் கால்களைத் தேடுகிறது. யாருடைய கால் தரையில் இருக்கிறது, யாருடையது இல்லை? பத்திரிகைப் படக்காரர் ஒருவர் வந்திருந்தால் விமானத்தின் நீள அகலத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருப்பார். லூயி என்று ஒருவர் அங்கே நின்றது அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஆசைக்குப் படம் எடுக்கிறவர்களிடம் இருக்கிற செல்வம் இதுதான். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இது எங்க சித்தி, அன்னைக்குப் பூரா மழை வரும் மழை வரும்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்பார்கள். கேட்ட மாத்திரத்தில், படத்திலிருக்கும் சித்தி எதற்காக அண்ணாந்து பார்க்கிறார் என்பது விளங்கிவிடும். லார்தீக் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இதையே செய்தார். தொழில் என்று கேட்டால் ஓவியர் என்றுதான் சொல்லிக்கொண்டார். புகைப்படம் வீட்டுக்கும் நாட்குறிப்புக்கும் உரியதாக இருந்தது.

1894இல் பாரிசை ஒட்டிய கூர்பவுவாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். கேமரா கைக்கு வருமுன் அவருக்கென்று ஒரு கருவி இருந்ததாம். கண்களைச் சட்டென்று மூடித் திறந்து, மூன்று சுற்றுச் சுற்றினால், எதிரே இருப்பது நிறம், ஓசை, வாசனை எல்லாவற்றோடும் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று நம்பினார். சில நாட்களில் அந்த வித்தை பலிக்காமல் போனது, சிறுவன் ஏங்கிப்போனான். 1902இல் அப்பா ஒரு மரக் கேமராவை வாங்கிக்கொடுத்தார். முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா. அதில் எட்டிப் பார்க்கப் பையன் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது.

அவருடைய நாட்குறிப்புகளில் நான் மிகவும் ரசிப்பது வானிலைக் குறிப்பையும் குட்டிச் சித்திரங்களையும். அன்று வெயிலா மேகமா என்று எழுதிக்கொள்வார். பிறகு அன்றைக்கு எடுத்த படங்களைப் பேனாவால் சின்னச் சின்னதாக வரைந்து வைப்பார். அப்போது படம் கண்ணாடித் தகட்டில் பதியும். இருட்டறையில் மருந்துநீரில் கழுவி எடுக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தகடு உடையலாம், வெளிச்சம் பட்டுக் கெடலாம், ஆள் அசைந்து வெறும் புகையாகலாம். ஆகவே, இன்னும் கண்ணில் காணாத படத்தை நினைவிலிருந்து அவர் வரைகிறார். தான் பார்த்ததாக நம்பியது சித்திரத்தில் இருக்கிறது. கேமரா பார்த்தது தகட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல புகைப்படப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

பூலோஞ் காட்டுப் பகுதியில் அவர் நாகரிகப் பெண்களை எடுத்த படங்களை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். இறகு வைத்த பெரிய தொப்பி, மென்மயிர்ப் போர்வை, முன்னே இரண்டு நாய்கள். அவற்றின் பின்கதை இன்னும் சுவையானது. பாதையோரம் இரும்பு நாற்காலியில் பையன் உட்கார்ந்திருக்கிறான். தூரத்தைக் கண்ணால் அளந்து கேமராவை முன்கூட்டியே சரிசெய்து வைத்திருக்கிறான். சீமாட்டி நெருங்க நெருங்க அவனுக்கு நெஞ்சு படபடக்கிறது. குறித்த தூரத்துக்கு வந்ததும் அழுத்துகிறான். ஷட்டர் போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிடுகிறாள். இவனும் அதே அளவுக்குத் திடுக்கிடுகிறான். துணைக்கு வந்த கனவான் கோபப்படுகிறார். படத்தில் அவள் முகம் இன்னும் கலையாமல் இருக்கிறது. சத்தம் காதில் விழுவதற்கு முந்தைய இம்மி நேரம் அது என்று தெரிந்த பிறகு, அந்த நிதானமான நடையை எனக்குப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

படக்குறிப்புகளில் வீட்டுப் பெயர்கள்தான் நடமாடுகின்றன. அண்ணன் மோரிஸ் எங்கும் ஸிஸுதான். வளர்த்த செவிலி தூது. உறவுக்காரப் பெண் பிஷோனாத். 1905இல், கோர்த்தாம்பேர் தெருவில் நாற்பதாம் எண் வீட்டுப் படிக்கட்டின் மேலே, தொப்பியும் நீண்ட பாவாடையுமாகக் கைகளை விரித்து அந்தரத்தில் நிற்கிறாளே, அவள்தான். அந்த வயதில், அந்த உடையில், தெரியாத ஒருவருக்காக எந்தப் பெண் படியிலிருந்து குதித்திருப்பாள்? பதினோரு வயதுப் பொடியனுக்காகக் குதித்தாள். அதே ஆண்டில், தன் பொம்மைக் கார்களைப் படமெடுக்க அவன் கேமராவைத் தரையிலேயே வைத்தான். அறை பந்தயச் சாலையாகிவிட்டது. 1911இல் ஸிஸு கோட்டும் டையும் தொப்பியுமாக, ரப்பர் கால்சட்டை பொருத்திய டயருக்குள் நின்றபடி ரூஸாக் குளத்தில் மிதக்கிறார். குடும்பத்தின் வசதி இல்லாமல் இத்தனை தகடுகளைச் செலவழித்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வசதியுள்ள வீடுகள் அன்று எத்தனையோ இருந்தன. அவர்களெல்லாம் ஆளை நிறுத்திவைத்து எடுத்துக்கொண்டார்கள்.

மோட்டார் பந்தயப் படத்தையும் சொல்லியாக வேண்டும். கார் வலப்பக்கம் பாய்கிறது. அதன் முன்பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பின்சக்கரம் முட்டை வடிவமாகி முன்னோக்கிச் சாய்கிறது. இடப்பக்கம் வேடிக்கை பார்க்கும் ஆட்களும் கம்பங்களும் எதிர்த்திசையில் சாய்கிறார்கள். அந்தக் கேமராவின் ஷட்டரில் ஒரு பிளவு தகட்டின் குறுக்கே நகரும். படத்தின் ஒவ்வொரு பட்டையும் சற்றே வேறு நேரத்தில் பதியும். அதற்குள் கார் நகர்ந்துவிடும். லார்தீக் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பியதால் ஆட்கள் மறுபக்கம் சாய்ந்தார்கள். கார் பாதி வெட்டுப்பட்டதென்று அவர் இதைத் தோற்ற படமாக ஒதுக்கி, பல பத்தாண்டுகள் வெளியே எடுக்கவில்லை.

இந்தப் படத்துக்கு அவர் தந்த குறிப்பு, 1912ஆம் ஆண்டு, தெலாஜ் கார் என்பது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காரின் 6 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடி, அது 1913இல் அமியேனில் நடந்த பந்தயம், கார் ஷ்னைடர் என்று கண்டார்கள். வீட்டாரின் செல்லப்பெயரில் ஒருபோதும் தடுமாறாத கை, ஊருக்கெல்லாம் தெரிந்த பந்தயத்தின் ஆண்டில் தடுமாறியிருக்கிறது. எனக்கு இதில் வருத்தமில்லை. அவர் மனம் எதை இறுகப் பற்றிக்கொண்டது, எதைத் தளரவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

1963இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் ஷார்க்கோவ்ஸ்கி இந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது லார்தீக்குக்கு அறுபத்தொன்பது வயது. அதே ஆண்டு நவம்பரில், கென்னடி கொலையுண்டதைச் சொன்ன 'லைஃப்' இதழிலேயே அவர் படங்களும் வந்தன. உலகம் அவரை அறிந்துகொண்டது. ஷார்க்கோவ்ஸ்கி அவற்றின் வடிவத்தைப் புகழ்ந்தார், நியாயமான புகழ்ச்சி. ஆனால் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியபோது, ஆல்பத்தில் படத்தை ஒட்டியிருந்த கையெழுத்து உதிர்ந்துபோனது. 1970இல் ரிச்சர்ட் அவெடன் தொகுத்த நூல்தான் படங்களையும் நாட்குறிப்பு வரிகளையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்தது. அந்த வேலைக்காக அவெடனுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

1979இல் லார்தீக் தன் வாழ்நாள் படங்களைப் பிரெஞ்சு அரசுக்குக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள், தகடுகள், நாட்குறிப்புகள். எங்கேனும் அந்த ஆல்பப் பக்கங்களின் பிரதி உங்கள் கைக்கு வந்தால், பறக்கும் பிஷோனாத்தை உடனே தேடிப்போக வேண்டாம். பக்கத்து மூலையில் சின்னதாக ஒட்டியிருக்கும், யாரும் பெரிதாக்காத படங்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றிலும் ஆட்களுக்குப் பெயர் எழுதியிருக்கிறார்.