பண்ருட்டிப் பொம்மை: அச்சும் கைவேலையும்

கொலு பொம்மை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது பண்ருட்டிப் பொம்மைதானே?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு வரும் பதில் பாதி விவரத்தைத்தான் சொல்லும். பண்ருட்டியிலேயே செய்த இரண்டு தசாவதார செட்டுகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு, சில சமயம் பண்ருட்டிக்கும் காஞ்சிபுரத்துக்கும் இருப்பதைவிட அதிகம். ஊரோடு அச்சையும், அச்சிலிருந்து எடுத்த பிறகு விழுந்த கைவேலையையும் பார்க்கத் தெரிந்தால்தான் பொம்மையின் தரம் பிடிபடும்.

ஊருக்கு ஒரு பாணி

மதுரைக்குப் பக்கத்திலுள்ள விளாச்சேரி களிமண்ணில் கை தேர்ந்த ஊர். அங்குள்ள மண்பாண்டக் குடும்பங்கள் கொலுவோடு நிற்பதில்லை. சதுர்த்திக்குப் பிள்ளையார், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகள் என்று ஆண்டு முழுதும் வேலை நடக்கிறது. காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. கோயில் நகரமாகையால் உற்சவங்களை செட்டாக வடிப்பது அவர்கள் பலம். 2019-இல் அத்தி வரதர் எழுந்தருளினார். அந்த ஆண்டுக் கொலுவிலேயே சயனக் கோலமும் நின்ற கோலமும் பொம்மைகளாக வந்துவிட்டன. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அழகைவிட சமநிலைதான் சோதனை. அடிப்பாகம் உருண்டு கனத்திருக்க வேண்டும். எப்படிச் சாய்த்தாலும் தானாக நிமிர வேண்டும். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் அந்த அங்கீகாரம் உண்டு.

வெளி மாநிலங்களில் ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி, எடை குறைந்த மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கி ஒட்டும் பாணி. வங்காளத்துக் கிருஷ்ணநகர், நரம்பும் சுருக்கமும் தெரிய மனிதரை அப்படியே மண்ணில் வடிக்கும் பாணி.

பண்ருட்டியின் தனித்தன்மை, களிமண்ணும் காகிதக் கூழும் ஒரே ஊரில் பக்கம் பக்கமாக நடப்பது. கூழ் பொம்மைக்கு எடை கிடையாது. இரண்டடி உயர அம்மனை ஒரு கையால் தூக்கி மேல்படியில் வைத்துவிடலாம். செட்டியார் கடை, காய்கனிகள், தலைவர்கள் என்று சாமி அல்லாத பொம்மைகளிலும் இந்த ஊருக்குப் பெயர் உண்டு. ஊரை ஒட்டியே திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில். விமானம் முழுக்கச் சுதை உருவங்கள். உருவத்துக்கு வண்ணம் பூசிப் பார்ப்பது இந்த வட்டாரத்துக் கண்ணுக்குப் புதிதல்ல.

அச்சின் தலைமுறை

முதலில் ஒரு தாய் உருவத்தைக் கையால் வடிக்கிறார்கள். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு எடுக்கிறார்கள். ஊறவைத்து இடித்த காகிதத்தில் சாக்குத் தூளும் பசையும் சேர்த்துப் பிசைந்து, அச்சுக்குள் கட்டைவிரலால் அழுத்திப் பரப்பி, இரு பாதியையும் பொருத்தி ஒட்டி வெயிலில் வைக்கிறார்கள்.

புது அச்சிலிருந்து வரும் கிருஷ்ணன் கையில் விரல் தனி, குழல் தனியாகத் தெரியும். ஒட்டியாணத்தின் மணிகளை எண்ணலாம். அச்சு தேயத் தேய இந்த விளிம்புகள் மழுங்கும். அதைவிட மோசம், தாய் உருவம் இல்லாதவர்கள் விற்பனைக்கு வந்த பொம்மையிலிருந்தே அச்சு எடுப்பது. களிமண் காய்ந்து சுடும்போது சுருங்கும். நூற்றுக்கு எட்டு சுருங்கினால் 12 அங்குல பொம்மை ஏறக்குறைய 11 அங்குலமாகும். அதிலிருந்து அச்செடுத்த அடுத்தது 10 அங்குலம்தான். மேலே பூசிய வண்ணத்தின் தடிப்பும் அச்சில் பதிந்து, விரலிடுக்கு அடைபட்டு, குழலும் கையும் ஒரே கட்டியாகிவிடும். பேரப்பிள்ளை அச்சில் வந்த பொம்மையை முகம் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் முகத்தைத் தூரிகை காப்பாற்றிவிடும். கையையும் காலையும் பார்க்க வேண்டும்.

தரம் பார்க்கும் முறை

பொம்மையைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். கூழ் ஒரே தடிப்பில் பரவியிருக்க வேண்டும். விலாவில் விரலை ஓட்டினால் ஒட்டுக் கோடு தட்டுப்படக் கூடாது. மண் பொம்மையைச் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் சூடு போதவில்லை, அல்லது எங்கோ விரிசல். கூழ் பொம்மை கோடை வெயிலில் காய்ந்ததாக இருப்பது நல்லது. மழைக்காலத்தில் அவசரமாகக் காயவைத்து வண்ணம் பூசியதில் ஈரம் உள்ளே நின்று, அடுத்த ஆண்டே பூச்சு உரியும். ஸ்பிரே வந்தபின் மேனி நிறம் சீராக விழுகிறது. ஆனால் கண்ணும் புருவமும் இன்னும் கையெழுத்துதான். இரு கருவிழியும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

தசாவதாரத்தை இரண்டு ஆண்டுகளில் பிரித்து வாங்குவது வேண்டாம். அச்சு மாறினால் உயரம் மாறும். வண்ணக் கலவை மாறினால் ராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் நிறம் சேராது.

இவ்வளவு பார்த்தாலும் செய்தவர் யார் என்பதைப் பொம்மை சொல்லாது. ரயில் எஞ்சின் சொல்லும். விழுப்புரம்–கடலூர் மீட்டர்கேஜ் காலத்தில் ஒய்.பி. வகை நீராவி எஞ்சினை ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ், ஜெர்மனியின் கிராஸ் மாஃபை, ஜாம்ஷெட்பூரின் டெல்கோ என்று பல கம்பெனிகள் ஒரே வரைபடத்தில் கட்டின. எது யார் கட்டியது, எந்த ஆண்டு என்பதை எஞ்சினில் பொருத்திய தகடே சொல்லிவிடும். பொம்மைக்கும் இது முடியாத காரியமல்ல. அச்சின் அடிவிளிம்பில் செய்தவர் பெயரையும் அச்செடுத்த ஆண்டையும் கீறிவிட்டால், ஒவ்வொரு பொம்மையிலும் அது தானே விழும். நகலெடுப்பவருக்கும் அந்தப் பெயரை அழித்தாக வேண்டிய கூச்சம் வரும். ஊர்ப்பெயரால் விற்கும் பொம்மை அன்றிலிருந்து ஆள்பெயராலும் விற்கும். தாய் உருவம் வடிக்கிறவருக்கு அதற்குரிய விலையைக் கேட்கவும் வழி பிறக்கும்.