டிராகுலாவும் பழையனூர் நீலியும்

டிராகுலாவின் கவர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் காமத்தையும் சாவையும் விட்டு நகருவதில்லை. அழியாத உடல், கழுத்தில் பதியும் பல், பெண்ணின் மயக்கம். ஃபிராய்டைப் புரட்டியவர்களுக்கு இது சௌகரியமான விஷயம். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு முதலில் படுவது வேறு. பிராம் ஸ்டோக்கரின் நாவலில் (1897) ஜோனதன் ஹார்க்கர் கோட்டைக்குப் போவது பத்திரங்களோடு. பிரபுவுக்கு லண்டனில் ஒரு வீடு வாங்கித் தருவதற்காக. முதலில் கிரயம், ரத்தம் பிற்பாடுதான். ஸ்டோக்கரே டப்ளினில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவர். 1879இல் அவர் வெளியிட்ட புத்தகம், அயர்லாந்துக் கீழ்க்கோர்ட்டுக் குமாஸ்தாக்களின் கடமைகளைப் பற்றியது. நாவலும் டைரி, கடிதம், தந்தி, டைப் அடித்த நகல் என்று ஒரு கட்டு ஃபைலாகத்தான் இருக்கிறது. டிராகுலாவைத் துரத்துகிறவர்கள் அவனுடைய மற்ற வீடுகளைக் கண்டுபிடிப்பதும் காகிதங்களைக் கொண்டுதான்.

ஸினிமா இந்தக் காகிதங்களைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கழற்றி எறிந்தது. மூர்னோவின் 'நாஸ்ஃபெராட்டு'வில் (1922) வீட்டுத் தரகு இன்னும் இருக்கிறது. சூரிய ஒளியில் ரத்தக் காட்டேரி அழிந்துபோவது அந்தப் படத்தின் கற்பனை. ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் லண்டனில் நடமாடுகிறவன். டெரன்ஸ் ஃபிஷரின் 1958 படத்தில் ஹார்க்கர் நூலகராகிவிட்டான். கிறிஸ்டோஃபர் லீயின் உயரமும் வண்ண ரத்தமும் மிஞ்சின. அதற்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் வெறும் அழகர்கள்.

ஆனால் ஒரு விதியைப் பலர் கைவிடவில்லை. வீட்டிலுள்ளவர் அழைக்காமல் அவன் முதல் தடவை உள்ளே வரமுடியாது. அவனுடைய பிடியே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆரணியில் தறிக்காரர், "ரத்தத்தை உறிஞ்சறான்" என்று முதலாளியைச் சொல்லும்போது அவருக்கு டிராகுலா தெரியாது. மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டு அந்த வீட்டுப் படியேறியவர் அவரேதான். முதலாளி மரியாதையாக உட்காரவைத்து, காப்பி கொடுத்து, தொகையையும் கொடுத்தார். அதை அடைக்கும்வரை வேறொருவருக்குப் பாவு போடமுடியாது. மூலதனத்துக்கு இதே உவமையை மார்க்ஸ் எழுதியது 1867இல். டிராகுலா வருவதற்கு முப்பது வருஷம் முன்பு.

நம்முடைய நீலி இதற்கு நேர் எதிர். அவள் வாங்க வந்தவள் அல்ல, வசூலிக்க வந்தவள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இப்போது வணிகனாகப் பிறந்திருக்கிறான். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அரக்கோணம் தாண்டி திருவாலங்காட்டுப் பக்கம் இருக்கும் பழையனூரில், வேளாளர் சபை முன் வழக்காடுகிறாள். இவன் என் கணவன், என்னோடு அனுப்புங்கள். வணிகன் அலறுகிறான். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குத் தங்கள் உயிரை ஜாமீன் சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். விடிவதற்குள் அவனைக் கொன்றுவிடுகிறாள். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வேளாளரின் சொல் தவறாமைக்கு உதாரணமாகவே இந்தக் கதை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. நீலிக்குக் கிடைத்தது ஒரு வசவு: நீலிக் கண்ணீர். அவள் காட்டிய குழந்தை பொய்தான். அந்தக் கொலை பொய்யா? உள்ள கடனுக்கு அவள் இல்லாத அத்தாட்சியைக் காட்டவேண்டியிருந்தது. நம்முடைய பாஷை அத்தாட்சியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது.

2025இல் வந்த டொமினிக் அருணின் 'லோகா' என்ற மலையாளப் படத்தில் கள்ளியங்காட்டு நீலி பெங்களூருக்கு வருகிறாள். தெற்கத்திக் கிளைதான் அவள் என்றாலும் பெயர் ஒன்றே. யட்சியும் மேல்நாட்டு ரத்தக் காட்டேரியும் அவளுக்குள் ஒட்டுப்போடப்பட்டிருக்கிறார்கள். படம் சுறுசுறுப்பானது, பெண்ணைப் பயமுறுத்தும் பண்டமாக வைக்காதது, இரண்டுமே பெரிய விஷயம். எனக்குக் குறையாகப் படுவது, அவளுடைய சொந்த வழக்கு ஃபிளாஷ்பேக்கில் தீர்ந்துபோவதுதான். மிச்ச நேரமெல்லாம் பிறர் வழக்கை நடத்துகிறாள். அவளைப் பார்த்து யாரும் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, கைதட்டினால் போதும்.

பழையனூரில் அப்படித் தப்பமுடியாது. அங்கே சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் நல்லவர்கள், விசாரிக்கிறவர்கள், சொன்ன சொல்லுக்குச் சாகிறவர்கள். அவளிடம் அவர்கள் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: உன்னை யார் கொன்றது?